டோர்னமென்ட் போக்கரில் பெரிய ஸ்டாக்கை எதிர்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் டோர்னமென்ட் ஆடுகிறவர்களுக்காக. கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து சீட்டு, பிளைண்டு, பட்டன் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நண்பர்கள் வட்டத்தில் பல வருடமாக ஆடியும் ஆடக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பதில் பாதிக்குமேல் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும்: "என்னைவிட நிறைய சிப்ஸ் வைத்திருப்பவர் என்னை ஆடவே விடமாட்டேன் என்கிறார், என்ன செய்வது?" அந்தக் கேள்வியின் பல வடிவங்களுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் ஸ்மால் பிளைண்டு 500, பிக் பிளைண்டு 1,000. பிக் பிளைண்டில் இருப்பவர் மேசை முழுவதற்கும் சேர்த்து 1,000 ஆன்ட்டியும் (கை தொடங்குமுன்பே கட்டுகிற தொகை) வைக்கிறார். ஆக யாரும் எதுவும் செய்யுமுன்பே நடுவில் 2,500 கிடக்கிறது. இப்படி நடுவில் சேர்வதைத்தான் பாட் என்பார்கள்.

அவரிடம் என்னைப் போலப் பத்து மடங்கு இருக்கிறது. ஆடுமுன்பே தோற்றுவிட்டேனா?

இல்லை. உங்களிடம் 20,000, அவரிடம் 2,00,000 என்றால், உங்கள் இருவருக்கும் இடையே நடக்கிற கையில் 20,000தான் ஆட்டத்தில் இருக்கிறது. மீதி 1,80,000 அந்தக் கையைப் பொறுத்தவரை அவர் வீட்டு அலமாரியில் இருப்பது மாதிரி. அதை வைத்து உங்களை மிரட்டலாம், வெல்ல முடியாது. அவர் 50,000 தூக்கிப் போட்டாலும் நீங்கள் கட்ட வேண்டியது உங்கள் 20,000 மட்டுமே. இருவரின் ஸ்டாக்கில், அதாவது சிப்ஸ் குவியலில், சிறியது எதுவோ அதுதான் பந்தயத்தின் உச்சம்.

எதிரில் கோபுரம் மாதிரி அடுக்கியிருக்கும்போது கண் அங்கேயே போகும். கண்ணை உங்கள் ஸ்டாக்குக்குத் திருப்புங்கள். எத்தனை பிக் பிளைண்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். இந்தக் கையில் எப்படி ஆட வேண்டும் என்பதைச் சொல்வது அந்த எண்தான்.

அப்படியானால் எல்லோரும் ஏன் பயப்படுகிறார்கள்?

தோற்றால் நீங்கள் எழுந்து போக வேண்டும், அவர் உட்கார்ந்தே இருப்பார். பெரிய ஸ்டாக்கின் பலம் முழுக்க இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

இதை நேரில் பார்க்க 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை விடச் சிறந்த கை கிடையாது. லாஸ் வேகாஸ், 839 பேர், நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். இணைய சாட்டிலைட் (பெரிய போட்டிக்கான நுழைவுச் சீட்டைப் பரிசாகத் தரும் போட்டி) மூலம் வந்த கணக்கர் கிறிஸ் மனிமேக்கரும், அனுபவசாலியான சாம் ஃபார்ஹாவும் கடைசி இருவர். முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாவது 13 லட்சம். மேசையில் ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு, மூன்று. ஃபார்ஹாவிடம் குயின்-ஒன்பது, அதாவது மேசையின் உயர்ந்த சீட்டோடு ஜோடி. மனிமேக்கரிடம் கிங்-ஏழு: ஃப்ளஷும் வரவில்லை, ஸ்ட்ரெய்ட்டும் வரவில்லை, ஜோடி கூட இல்லை. சிப்ஸ் மட்டும் ஃபார்ஹாவைவிடக் கொஞ்சம் கூட. அவர் ஆல்-இன் போனார், அதாவது இருந்த சிப்ஸ் முழுவதையும் பந்தயத்தில் வைத்தார். ஃபார்ஹா நெடுநேரம் யோசித்தார், உனக்கு ஃப்ளஷ் தவறிப்போயிருக்கும் என்று சரியாகவே வாய்விட்டும் சொன்னார். கடைசியில் சீட்டைக் கீழே வைத்து மடித்துவிட்டார்.

கொஞ்சம் கூட இருந்ததே போதுமானதாக இருந்தது. கால் பண்ணி (அந்தப் பந்தயத்துக்கு ஈடு கட்டி) தவறினால் ஃபார்ஹாவுக்கு அதோடு முடிந்தது. மனிமேக்கரிடம் சில சிப்ஸாவது மிஞ்சியிருக்கும். பத்து மடங்கு தேவையில்லை, உங்களைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும்.

இழக்கிற சிப்ஸ் ஜெயிக்கிற சிப்ஸைவிட மதிப்பு கூடியது என்கிறார்கள். கணக்கில் காட்ட முடியுமா?

முடியும். பொறுமையாகப் படியுங்கள், இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

கேஷ் கேமில் ஒரு சிப் ஒரு விலை. டோர்னமென்டில் அப்படி இல்லை. எல்லாச் சிப்ஸையும் வென்றவருக்கும் பரிசுத் தொகை முழுதும் கிடைப்பதில்லை, முதல் பரிசுதான் கிடைக்கும். மீதியை முன்பே வெளியேறியவர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். சிப்ஸைப் பரிசு மதிப்பாக மாற்றிப் பார்க்க ஒரு முறை இருக்கிறது, ஐ.சி.எம். என்பார்கள். முதலிடம் பிடிக்கிற வாய்ப்பு ஒருவர் வைத்திருக்கும் சிப்ஸின் விகிதம்தான் என்று எடுத்துக்கொள்வது, பிறகு மிச்சமிருப்பவர்களுக்குள் இரண்டாமிடத்தையும் அதே விகிதத்தில் பிரிப்பது. குதிரைப் பந்தயத்துக்காக டேவிட் ஹார்வில் 1973இல் எழுதிய சூத்திரம் இது. 1980களில் மேசன் மல்முத் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

மூன்று பேர் மிச்சம். பெரியவரிடம் 5,000, உங்களிடம் 3,000, சின்னவரிடம் 2,000. பரிசு 50, 30, 20. சூத்திரத்தில் போட்டால் இப்போதைய மதிப்பு: பெரியவருக்கு 38.4, உங்களுக்கு 32.75, சின்னவருக்கு 28.9. பாதி சிப்ஸ் வைத்திருப்பவருக்கே 50 வரவில்லை, ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு 20க்கு மேல் வருகிறது பாருங்கள்.

இப்போது பெரியவர் ஆல்-இன் போகிறார். நீங்கள் கால் பண்ணினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஜெயித்தால் உங்களிடம் 6,000, மதிப்பு 41. தோற்றால் மூன்றாமிடம், 20. ஜெயித்தால் கிடைப்பது 8.25, தோற்றால் போவது 12.75. கணக்கு நேராக வேண்டுமானால் நூற்றுக்கு 61 தடவை நீங்கள் ஜெயிக்க வேண்டும். பிளைண்டில் கிடக்கும் சிப்ஸ் இந்த எண்ணைச் சற்று இறக்கும், சுலபத்துக்காக அதை விட்டுவிட்டேன்.

அதே சீட்டோடு சின்னவரின் 2,000க்குக் கால் பண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் 40, தோற்றால் 1,000 சிப்ஸோடு 24.7. இங்கே நூற்றுக்கு 53 போதும். பெரியவர் பக்கம் நின்று பார்த்தால், உங்கள் 3,000க்கு எதிராக அவருக்குத் தேவை 54தான்.

ஆக ஒரே மோதலில் அவருக்கு 54 போதும், உங்களுக்கு 61 வேண்டும். கையில் குயின் ஜோடி இருக்கிறது, அவரிடம் ஏஸ்-கிங் என்று எப்படியோ தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 57 அளவில்தான். இந்தக் கணக்குப்படி மடித்துவிட வேண்டும்! சின்னவரிடம் அதே ஏஸ்-கிங் இருந்தால் யோசிக்காமல் கால் பண்ணலாம். சீட்டு மாறவில்லை, எதிரில் இருப்பவரின் சிப்ஸ்தான் மாறியது.

மேசையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் யாரால் கணக்குப் போட முடியும்?

யாராலும் முடியாது, தேவையும் இல்லை. வீட்டில் பத்துப் பதினைந்து நிலைகளைப் போட்டுப் பாருங்கள், திசை பிடிபட்டுவிடும். உங்களை வெளியேற்றக்கூடியவரிடம் கால் பண்ண வலுவான கை வேண்டும், உங்களால் வெளியேற்றப்படக்கூடியவரிடம் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், பரிசு வரிசையின் படிகள் நெருங்க நெருங்க இந்த வித்தியாசம் கூடும்.

ஆல்-இன் என்றால் நான் கால் பண்ணுவதா, நானே போவதா?

நானே போவது. பெரும்பாலும் இதுதான் பதில், காரணத்தையும் எண்ணிலேயே காட்டுகிறேன்.

நீங்கள் பிக் பிளைண்டில், வைத்த பிளைண்டையும் சேர்த்து 20,000. பட்டனில் பெரிய ஸ்டாக். அவர் அங்கிருந்து பாதிக் கைகளுக்கு 2,200 ரெய்ஸ் போடுகிறார், அதாவது பந்தயத்தை அந்த அளவுக்கு உயர்த்துகிறார். நீங்கள் 20,000த்தையும் உள்ளே தள்ளுகிறீர்கள். அவர் இன்னும் 17,800 கட்ட வேண்டும், நூற்றுக்கு 43 வாய்ப்பாவது இருந்தால்தான் அது அவருக்குக் கட்டுப்படியாகும். ஐந்தில் மூன்று தடவை மடிக்கிறார், இரண்டு தடவை கால் பண்ணுகிறார், கால் பண்ணும்போது உங்களுக்கு நூற்றுக்கு 40தான் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் மடித்தால், நீங்கள் பிளைண்டை விட்டுக்கொடுப்பதைவிட உங்களுக்கு 4,700 கூடுதல். அவர் கால் பண்ணினால் உங்களுக்குச் சராசரியாக 2,400 நஷ்டம். இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு முறைக்கும் 1,860 லாபம். கிட்டத்தட்ட இரண்டு பிளைண்டு, அதுவும் கால் வந்தால் பின்தங்கி இருக்கிற கையோடு.

இப்போது திருப்பிப் போடுங்கள். அவர் 20,000 ஆல்-இன் போகிறார், நீங்கள் அதே 40 வாய்ப்போடு கால் பண்ணுகிறீர்கள். 2,400 நஷ்டம், அவ்வளவுதான். அவர் மடிப்பதற்கு இடமே இல்லை. ஜெயிக்க உங்களுக்கு ஒரே வழி, நல்ல சீட்டு விழுவது. முதலில் போகிறவருக்கு இரண்டு வழி: எதிராளி மடிப்பது ஒன்று, சீட்டு விழுவது இன்னொன்று. ரெய்ஸுக்குக் கால் பண்ண, அதே இடத்தில் நீங்களே ரெய்ஸ் போடுவதைவிட நல்ல கை வேண்டும் என்பதை டேவிட் ஸ்க்லான்ஸ்கி 'இடைவெளி' என்று பெயரிட்டுச் சொன்னார். டோர்னமென்டில் பெரிய ஸ்டாக்கின் முன்னால் அந்த இடைவெளி இன்னும் அகலம்.

நீங்கள் இதில் தவறு செய்ததுண்டா?

உண்டு, இப்போதும் உறுத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். நண்பர்கள் பதினெட்டுப் பேர், இரண்டு மேசை, பணம் கிடையாது. கடைசி ஏழு பேரில் நான். எனக்கு வலப்பக்கம் இரண்டு இருக்கை தள்ளி ஒரு நண்பன், அவனிடம் 90,000க்கு மேல். நான் பிக் பிளைண்டில் வரும்போதெல்லாம் அவன் பட்டனில். மூன்று சுற்று தொடர்ந்து 2,200 போட்டான். மூன்று முறையும் "பார்ப்போமே" என்று கால் பண்ணினேன், மூன்று முறையும் ஃப்ளாப் (மேசையின் முதல் மூன்று சீட்டு) என்னைத் தொடவில்லை, அவன் ஒரு பெட் போட்டான், நான் மடித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் பிளைண்டு, ஆன்ட்டி, மேலே 1,200. மூன்று சுற்றில் பத்தாயிரம் போய்விட்டது. 24,000 இருந்தவன் 14,000க்கு வந்தேன்.

நாலாவது சுற்றில் எனக்கு ஏஸ்-ஒன்பது. அவன் மறுபடியும் 2,200. இந்தத் தடவை ஆல்-இன் சொன்னேன். அவன் என் சிப்ஸ் பக்கம் எட்டிப் பார்த்து, "எவ்வளவுடா மாப்ளே?" என்றான். எண்ணிச் சொன்னேன். பச்சைச் சிப் ஒன்றை விரல் முட்டிமேல் உருட்டிக்கொண்டே இருந்தான், அது தவறிக் கீழே விழுந்தது, குனிந்து எடுத்தான், "சரி, பாத்துடலாம்" என்று கால் பண்ணினான். கிங்-பத்து. நூற்றுக்கு அறுபது பக்கம் எனக்குத்தான். டர்னில், அதாவது நாலாவது சீட்டில், பத்து விழுந்தது. எழுந்துவிட்டேன்.

அந்தக் கடைசிக் கையை நான் குறை சொல்லமாட்டேன், நாளைக்கே வந்தாலும் அதையேதான் செய்வேன். தவறு அதற்கு முன்னால் இருந்த மூன்று கால்களில். 24,000 இருக்கும்போதே ஒரு தடவை திருப்பி அடித்திருந்தால் கிங்-பத்தோடு அவன் யோசித்திருப்பான். 14,000 ஆனபிறகு, அவனுடைய 90,000க்கு அது பொருட்டே இல்லை.

எத்தனை பிளைண்டு இருக்கும்போது எப்படி ஆடுவது?

25க்கு மேல் இருந்தால் சாதாரணமாக ஆடலாம், ரெய்ஸ் போட்டு மடிக்கவும் இடம் உண்டு. 15 முதல் 25 வரை, மேலே சொன்ன மாதிரி ரெய்ஸ் போட்டவர்மேல் ஆல்-இன் தள்ளுவதற்கு ஏற்ற அளவு: அவருக்கு வலிக்கும், உங்களுக்கு லாபம் உண்டு. 10, 12க்குக் கீழே வந்தால் உங்களுக்கு முன் யாரும் நுழையாத பாட்டில் முதல் ஆளாக ஆல்-இன், இல்லையென்றால் ஃபோல்டு. நடுவில் கால் என்ற ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இன்னொரு அளவுகோல் எம். உங்கள் சிப்ஸை ஒரு சுற்றின் செலவால் வகுப்பது. 12,000 இருந்தால் 2,500ஆல் வகுத்து 4.8, அதாவது சும்மா உட்கார்ந்தாலும் ஐந்து சுற்றுகூடத் தாங்காது. கணித அறிஞரும் பேக்காமன் ஆட்டக்காரருமான பால் மக்ரீலின் பெயரால் வந்த எழுத்து அது. 1995 சாம்பியன் டான் ஹாரிங்டன் அதைப் பரவலாக்கினார். பிளைண்டு எண்ணிக்கையோ எம்மோ, ஏதாவது ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்.

பெரிய ஸ்டாக்குக்கு முன்னால் ஐந்து பிளைண்டுக்கு இறங்கும்வரை காத்திருப்பதுதான் அதிகம் பேர் செய்கிற பிழை. அந்த நிலையில் உங்கள் ஆல்-இன் யாரையும் மடிக்க வைக்காது.

அவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யலாம்?

கஷ்டமான இடம். ஆட்டம் கடிகாரச் சுற்றில் போவதால் அவர் பெரும்பாலும் உங்களுக்குப் பிறகு முடிவெடுப்பார். நீங்கள் ரெய்ஸ் போட்டால் அவர் திருப்பி அடிப்பார், நீங்கள் பட்டனிலோ ஸ்மால் பிளைண்டிலோ இருந்து ரெய்ஸ் போட்டுப் பிளைண்டுகளைத் திருட நினைக்கும்போது எதிரில் அவர்தான் பிளைண்டில் இருப்பார். இருக்கையைச் சீட்டுக் குலுக்கல் முடிவு செய்கிறது, மாற்ற முடியாது. ரெய்ஸுகளைக் குறையுங்கள். திருப்பி அடித்தால் தாங்குகிற கையோடு மட்டும் உள்ளே போங்கள். ஆல்-இன் அளவு ஸ்டாக் இருந்தால் சின்ன ரெய்ஸ் போட்டு அவரிடம் மாட்டுவதற்குப் பதில் நேராகவே தள்ளுங்கள், அவர் வித்தை காட்ட இடம் இருக்காது.

வலப்பக்கம் இருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். அவர் அத்தனை கைக்கும் ரெய்ஸ் போடுவார், நீங்கள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பரிசு வரிசைக்கு இன்னும் ஒருவர் வெளியேற வேண்டும். அப்போது?

இந்தக் கட்டத்தை பப்பிள் என்பார்கள். பெரிய ஸ்டாக்குக்கு இது அறுவடைக் காலம். எல்லா மேசையிலும் ஒவ்வொரு கையாக நிறுத்தி நிறுத்தி ஆட வைப்பார்கள், பக்கத்து மேசையில் யாராவது போனார்களா என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பெரிய ஸ்டாக் வைத்திருப்பவர் ஒவ்வொரு பாட்டிலும் கை வைப்பார்.

அதிகம் அடிபடுவது சின்ன ஸ்டாக் இல்லை, நடுத்தர ஸ்டாக். இரண்டு பிளைண்டு வைத்திருப்பவருக்கு இழக்க எதுவும் இல்லை, எப்படியும் அடுத்த பிளைண்டில் போட்டே ஆக வேண்டும். 15 பிளைண்டு வைத்திருக்கும் நீங்கள் சும்மா இருந்தாலே பரிசுக்குள் போய்விடலாம், அதனால் பெரியவர் ஆல்-இன் போனால் ஏஸ்-ஜாக்கைக்கூட மடிக்க வேண்டியிருக்கும். அவருக்கும் அது தெரியும். இந்த நேரத்தில் அவரை நேருக்கு நேர் முட்டாதீர்கள். அவர் ஏற்கெனவே மடித்துவிட்ட கைகளைத் தேடுங்கள், உங்களைப் போலவே பயந்துகொண்டிருக்கிற மற்ற நடுத்தர ஸ்டாக்குகளின் பிளைண்டுகளை எடுங்கள். உங்களால் வெளியேற்ற முடிகிறவருக்கு நீங்கள்தான் பெரிய ஸ்டாக்.

ஆனால் பரிசுக்குள் நுழைவதையே குறிக்கோளாக வைத்து எல்லாவற்றையும் மடித்துக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கும். பரிசுத் தொகையின் கனம் மேலே இருக்கிறது. மேலே சொன்ன 2003 பரிசுகளைப் பாருங்கள், இரண்டாமிடம் முதலிடத்தில் பாதிதான். கடைசிப் பரிசை வாங்கிக்கொண்டு மூன்று பிளைண்டோடு உள்ளே நுழைவதில் பெரிய பயன் இல்லை.

ஒரு விதிவிலக்கு சாட்டிலைட். பத்துப் பேருக்கு ஒரே மாதிரி நுழைவுச் சீட்டு, பதினொரு பேர் மிச்சம், உங்களிடம் வசதியான ஸ்டாக் என்றால், பெரியவரின் ஆல்-இன்னுக்கு எதிரே ஏஸ் ஜோடியையே மடிப்பதும் சரியாக இருக்கலாம். முதலாவதாக வருவதற்கு அங்கே கூடுதலாக எதுவும் கிடையாது.

சிப்ஸ் நிறைய வைத்திருப்பவர்கள் எல்லோரும் முரட்டு ஆட்டக்காரர்களா?

இல்லை, இதைப் பார்க்காமல் ஆடுவதுதான் ஆபத்து. சிப்ஸ் எப்படி வந்தது என்று கவனியுங்கள். பாட் பாட்டாகச் சேர்த்தவர் தொடர்ந்து அழுத்துவார். ஏஸ் ஜோடிக்கு எதிரில் கிங் ஜோடிக்காரர் வந்து சிக்கி, ஒரே கையில் இரட்டிப்பானவர், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் பார்ப்பார். அவரிடம் அதிகம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அவர் ரெய்ஸ் போட்டால் நம்புங்கள்.

2006இல் 8,773 பேர் ஆடிய முதன்மைப் போட்டியை வென்ற ஜேமி கோல்டு முதல் வகை. இறுதி மேசைக்குப் பெரும் முன்னிலையோடு வந்து, கை நடக்கும்போதே எதிராளியிடம் பேசிப் பேசி, கடைசிவரை அழுத்தத்தை விடாமல் 1.2 கோடி டாலர் பரிசோடு போனார்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு: எதையும் கால் பண்ணிப் பார்க்கிறவர். "இருக்கிறது, போனால் போகட்டும்" என்பவர். இவரிடம் பிளஃப் செய்யவே கூடாது. நல்ல கை வந்தால் மட்டும் பெட் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள், அவரே கட்டுவார்.

நல்ல கை வந்தால் ஒளித்து ஆடலாமா?

அழுத்துகிறவரிடம் சில சமயம் ஆடலாம். அவர் எப்படியும் பெட் போடப்போகிறார், நீங்கள் ஏன் முந்த வேண்டும்? ஆனால் கால் பண்ணுகிறவரிடம் ஒளிப்பது வீண், ஒரு பெட்டின் காசை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஸ்டாக் 15 பிளைண்டுக்குள் இருந்தால் யாரிடமும் ஒளிக்க வேண்டாம். எல்லாக் கைக்கும் ஆல்-இன் போகிற நீங்கள் ஏஸ் ஜோடிக்கு மட்டும் சின்னதாக ரெய்ஸ் போட்டால், கவனிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஃப்ளாப்பில் ஃப்ளஷ் டிரா இருக்கிறது, பெரியவர் பெட் போடுகிறார்.

நாலு சீட்டு ஒரே ஜாதியில் இருந்தால், இரண்டு சீட்டுக்குள் ஃப்ளஷ் அடிக்க நூற்றுக்கு 35. ஒரே சீட்டுக்கு 20கூட இல்லை. அவருடைய ஆல்-இன்னை இந்த 35ஐ நம்பிக் கால் பண்ணி வெளியேறுகிறவர்கள்தான் எத்தனை பேர்! அவர் சிறிய பெட் போட்டிருந்து, உங்கள் ஆல்-இன் அவரை மடிக்க வைக்கும் அளவுக்குப் பெரிது என்றால், நீங்கள் தள்ளுங்கள். மேலே பிக் பிளைண்டில் பார்த்த அதே கதைதான்.

அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கலாமா?

பெரிய மதிப்புச் சிப்ஸை எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் வைத்திருப்பது அவர் கடமை. பார்த்து மதிப்பிடுகிற அளவுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. துல்லியமாக எண்ணித் தரச் சொல்வது ஆல்-இன் பெட்டை நீங்கள் எதிர்கொள்ளும்போதுதான், அப்போது டீலர் எண்ணிச் சொல்வார். 2001இல் தொடங்கிய டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷனின் விதிகள் இப்படித்தான் சொல்கின்றன, பெரும்பாலான அரங்குகள் அதைப் பின்பற்றுகின்றன. கேட்கக் கூச்சப்படாதீர்கள். முடிவு உங்கள் ஆயுளைப் பற்றியது.

நான் ஆல்-இன், இன்னும் இரண்டு பேர் கையில் இருக்கிறார்கள். என்ன ஆகும்?

உங்கள் சிப்ஸ் அளவுக்கு ஒவ்வொருவரிடமும் எடுத்து மெயின் பாட். அதற்குமேல் அவர்கள் போடுவது சைடு பாட், அதில் உங்களுக்குப் பங்கில்லை. 8,000 போட்டு மூன்று பேர் என்றால் நீங்கள் 24,000க்கும் பிளைண்டுக்கும் ஆடுகிறீர்கள். பெரியவர் சைடு பாட்டில் பெட் போட்டு மற்றவரைத் துரத்திவிட்டால் உங்களுக்கு அது பெரும்பாலும் நல்லதே, ஒரு எதிராளி குறைந்தார்.

கடைசி இருவர். அவரிடம் என்னைப் போல நாலு மடங்கு.

இங்கே ஐ.சி.எம். பயம் போய்விடுகிறது. இரண்டாமிடம் உறுதியான பிறகு சிப்ஸும் வாய்ப்பும் நேர் விகிதம். இருவருக்கும் திறமை சமம் என்றால் உங்கள் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. ஒரு தடவை இரட்டித்தால் ஐந்தில் இரண்டு. அதனால் 57-43 மாதிரியான வாய்ப்பை இப்போது தட்டிக்கழிக்காதீர்கள், மூன்று பேராக இருந்தபோது மடித்த அதே குயின் ஜோடியை இங்கே மகிழ்ச்சியாகத் தள்ளலாம்.

ஒரே ஒரு சிப் மிச்சமிருந்தாலும் ஆடத்தான் வேண்டுமா?

1982இல் ஜாக் ஸ்ட்ராஸ் ஆடினார். அதே முதன்மைப் போட்டி, 104 பேர். ஒரு கையில் எல்லாம் போய்விட்டது என்று நினைத்தபோது 500 மதிப்புள்ள ஒரு சிப் மிஞ்சியிருந்தது. அவர் வாய்விட்டு ஆல்-இன் சொல்லாததால் தொடர விட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அந்தச் சிப்பிலிருந்து ஏறி 5,20,000 டாலர் முதல் பரிசை வென்றார். 'ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் போதும்' என்று ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்வது அங்கிருந்து வந்தது. அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை அது. ஆனாலும் சிப்ஸ் குறைந்த கோபத்தில் எந்தச் சீட்டையும் பார்க்காமல் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் பணம் வைத்துத்தான் பழக வேண்டுமா?

வேண்டாம். இந்தியாவில் இணையத்தில் பணம் வைத்து ஆட இப்போது வழியும் இல்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று ஏற்று, தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், இணையத்தில் பணம் கட்டி ஆடும் எல்லா ஆட்டத்தையும் தடை செய்கிறது.

நான் பழக்குவது இப்படி. ஒரு சீட்டுக்கட்டு, ஒரு பெட்டி பிளாஸ்டிக் சிப்ஸ், மூன்று பேர். சமமாகப் பிரிக்காமல் 5,000, 3,000, 2,000 என்று பிரித்து, பிளைண்டு 100, 200 வைத்து ஆடுங்கள். ஒருவர் வெளியேறியதும் நிறுத்தி, இருக்கையை மாற்றி, மறுபடி அதே பிரிவு. ஒரு மாலையில் இருபது தடவை ஆடலாம். 3,000 இருக்கையில் உட்காரும்போது எந்தெந்தக் கைக்குக் கால் பண்ணினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 5,000 இருக்கைக்குப் போனதும், எதிரில் 3,000 வைத்திருப்பவர் எத்தனை தடவை மடிக்கிறார் என்று எண்ணுங்கள்.